மதிலுக்கு இந்தப் பக்கமும் விற்பனைக்கு, அந்தப் பக்கமும் விற்பனைக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. வீடு வளவு விற்கிற எண்ணத்தில் இருப்பவர்களாவது பொறுமையாக வாசியுங்கள்.

கல்முனை, சாய்ந்தமருது, காத்தான்குடி என்று நமது கரையோர ஊர்களில் எந்த ஒழுங்கையால் போனாலும் இப்போது ஒரு பலகை கண்ணில் படுகிறது. 2022இல் நாடு விழுந்த விழுக்காட்டில் இருந்து பல குடும்பங்கள் இன்னும் எழும்பவில்லை. ஒருவருக்கு லோன் முறிந்துவிட்டது. ஒருவர் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிய கடனில் இருக்கிறார். இன்னொருவருக்கு இரண்டாவது குமருக்கு வீடு கட்டியாக வேண்டும். மூன்று பேரும் கடைசியில் கை வைப்பது வீட்டில்தான். அதனால் சில இடங்களில் ஒரே மதிலுக்கு இரண்டு பக்கத்திலும் பலகை தொங்குகிறது. நாம் கதைக்க நினைப்பது அந்த இரண்டு வீடுகளைப் பற்றி.

பக்கத்து வீடும் விற்பனைக்கு வந்தால் நம்முடைய விலை விழும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கொஞ்சம் விழத்தான் செய்யும், அதை மறுக்கவில்லை. வாங்க வருபவருக்குத் தெரிவு கூடினால் அவர் அவசரப்படமாட்டார். ஆனால் நாம் பார்த்த வரைக்கும், இரண்டு வீடு இருப்பதால் விழும் விலையைவிட இரண்டு வீட்டாரும் கதைக்காமல் இருப்பதால் விழும் விலைதான் பெரிது. பலகை ஏறிய அன்றிலிருந்து மதிலுக்கு மேலால் கறி போவது நின்றுவிடுகிறது. சலாம்கூட அரைகுறை. "அவங்க எவ்வளவு சொல்றாங்க?" என்ற கேள்வியைப் பக்கத்து வீட்டாரிடம் கேட்பதை விட்டுவிட்டு ஊரெல்லாம் கேட்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு வீடும் 10 பேர்ச்சஸ் என்று வையுங்கள். ஒருவர் 90 இலட்சம் சொல்கிறார், மற்றவர் 92. வாங்க வருபவர் மனதுக்குள் 85 வரை கொடுக்கத் தயார். அவர் முதல் வீட்டில் வந்து, "பக்கத்தில 82க்கு இறங்கிட்டாங்களே" என்கிறார். பக்கத்தில் யாரும் இறங்கவில்லை. ஆனால் அதை எப்படித் தெரிந்துகொள்வது? கதை பேச்சுத்தான் இல்லையே. முதல் வீட்டார் பயந்து 80 என்கிறார். இப்போது அந்த 80ஐத் தூக்கிக்கொண்டு அவர் இரண்டாம் வீட்டுக்குப் போகிறார். இந்தத் தடவை அவர் சொல்வது பொய்யும் இல்லை. அங்கே 77. திரும்பி வந்து 76க்கு முடிக்கிறார். 85 கொடுக்க இருந்தவருக்கு 9 இலட்சம் மிச்சம்.

கதை அத்தோடு முடியவில்லை. விற்காமல் நிற்கும் மற்ற வீட்டுக்கு அடுத்து வருபவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பக்கத்து வீடு 76க்குத்தானே போச்சு?" என்பார். பேங்கால் மதிப்பீட்டுக்கு வருபவரும் அயலில் அண்மையில் எது, எவ்வளவுக்குப் போனது என்றுதான் பார்ப்பார். ஆக, முந்திக்கொண்டு விற்றவரும் தோற்றார், பிந்தியவரும் தோற்றார்.

இரண்டு வீட்டுக்கும் ஒரே புரோக்கர் என்றால் இது இன்னும் சுலபம். எல்லாப் புரோக்கரையும் குறை சொல்லவில்லை, நேர்மையாக நடக்கிறவர்கள் நமது ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் எந்த வீடு விற்றாலும் கொமிசன் கிடைக்கும் ஒருவருக்கு, எது முதலில் இறங்குகிறதோ அதை முடிப்பதுதான் இலாபம். உங்கள் வீடு 85க்குப் போவதற்கும் 76க்குப் போவதற்கும் இடையில் அவருக்கு வரும் வித்தியாசம் ஒரு சின்னத் தொகை. அதற்காக அவர் இன்னும் மூன்று மாதம் அலைய வேண்டுமா?

இன்னொரு பழக்கம் இருக்கிறது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. பார்க்க வருபவரிடம் பக்கத்து வீட்டைப் பற்றி இரகசியம்போல் குறை சொல்வது. "அந்த வீட்டுக் கிணறு உப்பு." சரி, அந்தக் கிணற்றுக்கும் உங்கள் கிணற்றுக்கும் இடையில் முப்பது அடி. உங்கள் தண்ணீர் மட்டும் எப்படி இனிக்கும்? "மாரியில அவங்கட வாசலுக்குத் தண்ணி வரும்." ஒழுங்கை ஒன்றுதானே? வாங்க வந்தவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு இரண்டு வீட்டையும் சேர்த்துக் கழித்துவிட்டுப் போகிறார்.

நமது பகுதியில் இது வேறு ஊர்களைவிடக் கசப்பாவதற்குக் காரணம் இருக்கிறது. நமது வழக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குப் போவது. உம்மாவின் வளவைப் பிரித்து மூத்த மகளுக்கு ஒரு வீடு, இளைய மகளுக்கு ஒரு வீடு. ஆகவே மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பது பல நேரம் யாரோ அல்ல, ராத்தா. அல்லது தங்கச்சி. இரண்டு சகோதரிகள் ஒரே வருடத்தில் விற்க நேர்ந்தால் அது விலைப் போட்டியாக மட்டும் இருக்காது, உம்மா யாருக்குக் கூடக் கொடுத்தா என்ற பழைய கணக்கும் எழும்பும். ஆசிரியர்களாகிய எங்களுக்கு இது வகுப்பறையில் தெரிந்துவிடும். நேற்றுவரை ஒரு மேசையில் இருந்து ஒரே சாப்பாட்டுப் பெட்டியில் சாப்பிட்ட சாச்சி பிள்ளையும் பெரியம்மா பிள்ளையும் இடம் மாறி இருக்கக் கேட்கும். ஏன் என்றால், "உம்மா சொன்ன சேர்" என்று மட்டும் வரும். பத்து வயதுப் பிள்ளைக்குக் காணி விலை என்ன தெரியும்?

இந்தச் சகோதரிகள் மறந்துவிடும் ஒரு விசயம் உறுதி. பல வளவுகளில் வீடு இரண்டாக இருந்தாலும் உறுதியில் காணி ஒன்றுதான். "பிரிபடாத அரைப் பங்கு" என்று எழுதியிருக்கும். தரையில் மதில் இருக்கிறது, கடதாசியில் இல்லை. இப்படிப்பட்ட காணிக்கு லோன் கொடுக்க பேங்குகள் தயங்கும். லோன் இல்லாமல் முழுக் காசையும் கையில் வைத்து வாங்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? நில அளவையாளரைக் கூப்பிட்டு அளந்து, படம் கீறி, நொத்தாரிசிடம் பங்கீட்டு உறுதி முடித்தால்தான் விலை நிற்கும். அதற்கு இரண்டு பேருடைய கையொப்பமும் வேண்டும். அதாவது யாரை முந்த ஓடுகிறீர்களோ அவருடைய கையெழுத்து இல்லாமல் நீங்கள் ஓட முடியாது. இணக்கம் வராவிட்டால் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே வழக்குகள் வருடக்கணக்கில் இழுபடும். உம்மா தனக்குச் சீவிய உருத்து வைத்து எழுதிக் கொடுத்திருந்தால் அவவின் கையொப்பமும் தேவை. எழுபது தாண்டிய உம்மாவை இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் நொத்தாரிசு கந்தோர் வாங்கில் இருத்தி வைக்கும் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்பார்கள். ஒரு சகோதரன் முடித்துக்கொண்டிருக்கும் வியாபாரத்தின் மேல் மற்றவன் போய் வியாபாரம் பேசக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பது புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. அதற்காகப் பக்கத்து வீட்டார் பலகை போட்டதால் நாம் போடக் கூடாது என்று அர்த்தம் இல்லை. வாங்குபவர் இன்னும் பார்த்துக்கொண்டு திரிகிறார் என்றால் அவர் இரண்டு வீட்டையும் பார்க்கட்டும், அது சந்தை. விற்பவரும் வாங்குபவரும் ஒரு விலைக்கு இணங்கிய பிறகு நடுவில் புகுவதுதான் பிழை என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். நமது நாட்டுச் சட்டமோ இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறது. 1840ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் மோசடித் தடைக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னால் எழுதி ஒப்பமிடாத காணி விற்பனை சட்டத்தில் செல்லாது. ஆகவே பக்கத்து வீட்டில் வாய்ப்பேச்சு முடிந்த அன்று இரவே வாங்குபவருக்குக் கோல் எடுத்து, "நாங்க மூணு இலட்சம் குறைச்சுத் தாறோம்" என்பவரைச் சட்டம் ஒன்றும் கேட்காது. மார்க்கம் கேட்கும்.

மச்சானைப் பொய்யாக வாங்குபவர்போல் அனுப்பி விலையை ஏற்றுவதும் தடுக்கப்பட்டதுதான். நஜ்ஷ் என்று அதற்குப் பெயரே இருக்கிறது.

புகாரியில் இன்னொரு சம்பவம் வருகிறது. வீடு விற்கிறவர்களுக்கு இதை அடிக்கடி ஞாபகப்படுத்தலாம். அபூ ராஃபிஃ (ரலி) அவர்களுக்கு ஸஃத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களுடைய வளவுக்குள் இரண்டு வீடுகள் இருந்தன. அவற்றை வாங்கிக்கொள்ளும்படி ஸஃதிடம் கேட்கிறார். ஸஃத், நாலாயிரத்துக்கு மேல் தரமாட்டேன், அதுவும் தவணையில்தான் என்கிறார். அபூ ராஃபிஃக்கு வெளியில் ஐந்நூறு தீனார் தர ஆள் இருந்தது. அது ஸஃத் சொன்னதைவிடக் கூடிய தொகை. ஆனாலும் அயலவருக்கே உரிமை அதிகம் என்று நபியவர்கள் சொல்லக் கேட்டிருந்ததால் குறைந்த விலைக்கு ஸஃதிடமே கொடுத்தார். அயலவருக்கு அப்படிச் சட்ட உரிமை உண்டா என்பதில் மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் ஷுஃப்ஆ பங்காளிக்கு மட்டும், ஹனஃபியில் பக்கத்து வீட்டாருக்கும் உண்டு. யாழ்ப்பாணத்துத் தேசவழமையிலும் பங்காளருக்கு முன்வாங்கும் உரிமை என்று ஒன்று இருக்கிறது. சட்டம் எப்படியும் இருக்கட்டும். பலகை போட முன்னர் பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்வதற்கு எந்த மத்ஹபும் தடை இல்லை.

"அப்படியென்றால் இரண்டு பேரும் கூடி விலையை ஏற்றி வைக்கச் சொல்கிறீர்களா? வாங்குபவரும் நம்மில் ஒருவர்தானே?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. இல்லை, அப்படிச் சொல்லவில்லை. விலையைப் பூட்டி வைக்கச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லுங்கள் என்றுதான் சொல்கிறோம். வாங்க வருபவரிடம் நீங்களே, "பக்கத்து வீடும் இருக்கு, அதையும் பாருங்க" என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? பலகையை அவர் எப்படியும் பார்த்திருப்பார். பாராமல் முடிவெடுக்கவும் மாட்டார். உங்கள் வாயால் வந்தால் நம்பிக்கை வரும். மேல்மாடி வேண்டும் என்பவர் ஒரு வீட்டை எடுப்பார், முற்றம் வேண்டும் என்பவர் மற்றதை எடுப்பார். இரண்டும் ஒரே சாமானல்ல.

கதைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நமது அயலில் நடந்ததையே சொல்லலாம். இரண்டு வீட்டாரும் ஒரு இஷாவுக்குப் பிறகு உட்கார்ந்தார்கள். ஒருவருக்கு ஈட்டுக் காசு கட்ட மூன்று மாதம்தான் தவணை. மற்றவருக்கு மகளின் கலியாணம் அடுத்த வருடம். "நீங்க முந்தி வித்துக்குங்க, நாங்க நோன்புப் பெருநாளுக்குப் பிறகு போடுறோம்" என்று இரண்டாமவர் பலகையைக் கழற்றி வைத்தார். முதலாவது வீடு கேட்ட விலைக்குப் போகவில்லை. ஆனால் பயந்து இறங்கிய விலைக்கும் போகவில்லை. இரண்டாவது வீடு பிறகு அதே விலையைக் காட்டித்தான் கதைத்தது. அவசரம் யாருக்கு என்பது தெரியாமல் இருந்திருந்தால் இரண்டு பேருமே அவசரக்காரர் ஆகியிருப்பார்கள்.

சில இடங்களில் இரண்டையும் சேர்த்தே விற்கலாம். தனித்தனியாக 6, 7 பேர்ச்சஸ் என்றால் வீட்டுக்கு மட்டும்தான் ஆள் வரும். சேர்த்து 13 பேர்ச்சஸ், அதுவும் மெயின் வீதிக்குக் கிட்ட என்றால் கிளினிக் போட, டியூட்டரி போட, கடைத் தொகுதி கட்ட நினைப்பவர்கள் வருவார்கள். எல்லா வளவுக்கும் இது பொருந்தாது. உள் ஒழுங்கையில் அவ்வளவு பெரிய காணிக்கு ஆள் தேடுவது இன்னும் கஷ்டம். பொருந்தும் இடத்தில்கூட நாம் யோசிப்பதில்லை, அதுதான் கவலை. சேர்த்து விற்பதானால் காசை எப்படிப் பிரிப்பது என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வெறும் காணி அளவால் மட்டும் பிரிக்க முடியாது, ஒருவர் டைல்ஸ் போட்டு மேல்மாடி எடுத்திருப்பார்.

வெளிநாட்டிலிருந்து லீவில் வருபவர்கள்தான் இப்போது முழுக் காசோடு வாங்குகிறார்கள். அவர்களுக்கு இரண்டு, மூன்று கிழமைதான் இருக்கும். அந்த நேரத்தில் வந்து உறுதியைக் கேட்கும்போது "படம் இன்னும் கீறல்ல, ராத்தாவோட கதைக்கணும்" என்றால் அவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். ஆகவே இப்போதே கதையுங்கள். கதைக்கும்போது விலையோடு மட்டும் நிறுத்த வேண்டாம். நடுக் கிணறு யாருக்கு, பின் வீட்டுக்குப் போகும் பாதை எத்தனை அடி, மலசலகூடக் குழி எல்லைக்கு அந்தப் பக்கம் நீண்டிருக்கிறதா, ஓட்டுத் தண்ணீர் யாருடைய பக்கம் விழுகிறது, எல்லாவற்றையும் பேசி நில அளவைப் படத்திலும் உறுதியிலும் ஏற்றிவிடுங்கள். இதுவரை சகோதரிகளாக இருந்து அனுபவித்த கிணற்றையும் பாதையையும் நாளைக்கு வரும் இரண்டு புதுக் குடும்பங்களும் ஒருவரையொருவர் தெரியாமல்தான் அனுபவிக்கப் போகிறார்கள்.