இடுப்புக்கு மேலே நான்கு, கீழே இரண்டு

தானாகக் குளிக்க முடியாத ஒருவருக்குத் தோளிலிருந்து இடுப்புவரை தேய்த்துவிட ஆள் தேவை என்றால், பிரிட்டனில் அவருக்கு நான்கு புள்ளி. இடுப்புக்குக் கீழே மட்டும் என்றால் இரண்டு. தலைமுடி அலசிவிட ஆள் வேண்டும் என்றாலும் இரண்டுதான். உடுத்துவதிலும் இதே கணக்கு: சட்டை மாட்டிவிட நான்கு, கால்சட்டைக்கு இரண்டு. அந்நாட்டு மாற்றுத்திறனாளிகளின் முதன்மையான உதவித்தொகைக்கு எழுதப்பட்ட விதிகளில் இப்படித்தான் இருக்கிறது. இடுப்பில் கோடு கிழித்தவர் யார் என்று கேட்டால் பதில் கிடைக்காது.

‘பர்சனல் இண்டிபெண்டன்ஸ் பேமென்ட்’ என்பது அந்த உதவித்தொகையின் பெயர், சுருக்கமாக ‘பிப்’. 2013-இல் நடைமுறைக்கு வந்தது. சமைப்பது, சாப்பிடுவது, சிகிச்சையைக் கவனித்துக்கொள்வது, குளிப்பது, கழிப்பறைக்குப் போவது, உடுத்துவது, பேசுவது, படிப்பது, பிறரோடு பழகுவது, பணத்தைக் கையாள்வது என்று பத்து அன்றாட வேலைகள். ஒவ்வொன்றிலும் ஒருவர் எவ்வளவு திணறுகிறார் என்று பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். மொத்தம் எட்டு வந்தால் அடிப்படைத் தொகை, பன்னிரண்டு வந்தால் கூடுதல் தொகை. 2025-26 நிதியாண்டில் இவை வாரத்துக்கு 73.90 பவுண்டு, 110.40 பவுண்டு. நடமாட்டத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. வருமானம் பார்த்துத் தருவதில்லை என்பதால் வேலைக்குப் போகிறவரும் இதைப் பெறலாம், பலர் பெறுகிறார்கள். பேருந்தில் ஏற முடியாத நாளில் டாக்ஸி, குளிர் தாங்காத உடம்புக்கு அதிக நேரம் ஓடும் ஹீட்டர், சக்கர நாற்காலியைச் சார்ஜ் செய்யும் மின்சாரம் போன்ற செலவுகளை ஓரளவு ஈடுகட்டத்தான் இந்தப் பணம். மாற்றுத்திறனாளி உள்ள குடும்பத்துக்கு மாதம் ஆயிரம் பவுண்டுக்கு மேல் கூடுதலாகச் செலவாகிறது என்று ஸ்கோப் என்ற அந்நாட்டுத் தொண்டு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது.

2025 மார்ச் 18 அன்று தொழிற்கட்சி அரசின் வேலை, ஓய்வூதியத் துறை அமைச்சராக இருந்த லிஸ் கெண்டால் ஒரு திட்டத்தை முன்வைத்தார். மொத்தம் எட்டுப் புள்ளி இருந்தால் இனிப் போதாது. ஏதேனும் ஒரு வேலையிலாவது நான்கு புள்ளி எடுத்திருக்க வேண்டும் என்றது அது. மைக்ரோவேவ் அடுப்பில் மட்டுமே சமைக்க முடிகிறவர், தலை அலசவும் கால்சட்டை மாட்டவும் ஆள் வேண்டியவர், கழிப்பறைக்குப் போகும்போது ஒருவர் கண்காணிக்க வேண்டியவர் என்று ஒரே மனிதரிடம் இவ்வளவும் சேர்ந்திருந்தாலும் கூட்டினால் இரண்டு நான்கு எட்டுத்தான். எதிலும் நான்கு இல்லை என்பதால் அவருக்கு அன்றாட வாழ்க்கைத் தொகையில் ஒரு பென்ஸும் கிடையாது. பத்து வேலைகளிலும் இரண்டிரண்டாக இருபது புள்ளி எடுத்தவருக்கும் அதே பதில்தான்.

எத்தனை பேருக்கு அடி விழும் என்பதை அரசே கணக்கிட்டு வெளியிட்டது. அப்போது வாங்கிக்கொண்டிருந்தவர்களில் 3.7 லட்சம் பேரும், பின்னர் தகுதி பெற்றிருக்கக்கூடிய 4.3 லட்சம் பேரும் அந்தத் தொகையை இழப்பார்கள். சராசரி இழப்பு ஆண்டுக்கு 4,500 பவுண்டு. மற்ற வெட்டுகளையும் சேர்த்தால் 50,000 குழந்தைகள் உட்பட இரண்டரை லட்சம் பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே தள்ளப்படுவார்கள். நோயாளி பிப்பை இழந்தால் அவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவியோ மகனோ வாங்கும் பராமரிப்பாளர் உதவித்தொகையும் கூடவே போகும்.

ஏன் நான்கு? ஏன் மூன்று இல்லை? அதிகத் தேவை உள்ளவர்களுக்குப் பணம் போய்ச்சேர வேண்டும் என்பது அரசின் விளக்கம். நடந்ததைப் பார்த்தால் அந்த விளக்கம் நிற்கவில்லை. ஆண்டுக்குச் சுமார் 500 கோடி பவுண்டு மிச்சம் என்ற இலக்குடன்தான் திட்டம் வந்தது. அவ்வளவு மிச்சமாகாது என்று பட்ஜெட் கண்காணிப்பு அலுவலகம் மதிப்பிட்டது. அறிவிப்பு வெளியான எட்டே நாளில், மார்ச் 26 நிதி அறிக்கையில், இன்னொரு வெட்டு சேர்க்கப்பட்டது. அந்த எட்டு நாளில் பிரிட்டனில் யாருடைய முதுகெலும்பும் நேராகிவிடவில்லை. கணக்கில் துண்டு விழுந்தது, அவ்வளவுதான். செருப்புக்கு ஏற்றபடி காலைத் தறிப்பதா என்று நம் ஊரில் கேட்பார்கள். இந்த விஷயத்தில் அதைப் பழமொழியாகச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

முந்தைய கன்சர்வேடிவ் அரசு வேலைத்திறன் மதிப்பீட்டு விதிகளை மாற்ற நடத்திய கலந்தாய்வைச் சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2025 ஜனவரியில்தான். பணத்தை மிச்சம்பிடிக்கும் நோக்கத்தை மறைத்து, மக்களுக்கு உதவுவதுபோலக் காட்டியது தவறு என்றது நீதிமன்றம். புதிய அரசு அதிலிருந்து என்ன கற்றது? நான்கு புள்ளி விதியைக் கலந்தாய்வுக் கேள்விகளிலேயே சேர்க்கவில்லை. கலந்தாய்வு ஜூன் 30 நள்ளிரவில்தான் முடிவதாக இருந்தது. மசோதா ஜூன் 18 அன்றே வந்துவிட்டது. வாக்கெடுப்பு ஜூலை 1. கருத்துக் கடிதங்களைப் பிரிக்கக்கூட ஒரு பகல் மிச்சமில்லை.

கலகம் ஆளுங்கட்சிக்குள்ளேயே வெடித்தது. நாடாளுமன்ற நிதிக் குழுத் தலைவர் மெக் ஹில்லியர் கொண்டுவந்த எதிர்ப்புத் தீர்மானத்தில் 120-க்கும் மேற்பட்ட தொழிற்கட்சி உறுப்பினர்கள் கையெழுத்திட்டனர். அரசு முதலில் பாதி இறங்கிவந்தது: ஏற்கெனவே வாங்குகிறவர்களைத் தொடமாட்டோம், புதியவர்களுக்கு மட்டும் புதிய விதி என்றது. ஒரே நோய், ஒரே வேதனை, விண்ணப்பித்த தேதி மட்டும் வேறு. ஒருவருக்குப் பணம் உண்டு, மற்றவருக்கு இல்லை! இந்தச் சமரசமும் எடுபடவில்லை. ஜூலை 1 விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸ் எழுந்து, பிப் பிரிவை மசோதாவிலிருந்து நீக்குவதாக அறிவித்தார். அதன்பிறகும் 49 தொழிற்கட்சி உறுப்பினர்கள் எதிர்த்து வாக்களித்தனர். மசோதா 335-க்கு 260 என்ற கணக்கில் தப்பியது.

மாற்றுத்திறனாளிகள் வென்றுவிட்டார்கள் என்று அப்போது பல செய்திகள் வந்தன. பாதி உண்மை. கலகத்தின் சத்தத்தில், குறைந்த வருமானத்தாருக்கான ‘யுனிவர்சல் கிரெடிட்’ உதவித்தொகையில் நடந்த வெட்டு பலருடைய கண்ணில் படவில்லை. உடல்நிலையால் வேலை செய்ய முடியாதவர்களுக்கு அதில் தனியாக ஒரு தொகை உண்டு. 2025-26-இல் அது வாரம் சுமார் 97 பவுண்டு. 2026 ஏப்ரல் முதல் புதிதாக வருகிறவர்களுக்கு அது ஏறத்தாழ 50 பவுண்டு. வாழ்நாள் முழுதும் நீடிக்கும் கடும் நோய் உள்ளவர்களுக்கும், மரணத் தறுவாயில் இருப்பவர்களுக்கும் விலக்கு இருக்கிறது. ஆனால் அந்த விலக்கைப் பெற, இயலாமை ‘எப்போதும்’ இருக்க வேண்டும். இன்று எழுந்து நடந்து நாளை படுக்கையில் கிடக்கும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் நோயாளிக்கு அந்த ஒரு சொல்லை நினைத்தாலே பயம். அமைச்சர்கள் ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் மதிப்பீட்டாளர் சட்டத்தில் அச்சான சொல்லைத்தான் பார்ப்பார்.

செலவு ஏறுகிறது என்ற அரசின் கவலை பொய்யல்ல. நோய், மாற்றுத்திறன் உதவித்தொகைகளுக்கான செலவு பத்தாண்டு இறுதிக்குள் ஆண்டுக்கு 10,000 கோடி பவுண்டை எட்டும் என்ற மதிப்பீடு இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு விண்ணப்பங்கள் பெருகின. மனநலப் பாதிப்பு இளைஞர்களிடம் கூடியிருக்கிறது. பெண்களின் ஓய்வூதிய வயதை 60-இலிருந்து 66-க்கு உயர்த்தியதும் ஒரு காரணம்: முன்பு ஓய்வூதியக் கணக்கில் இருந்திருக்க வேண்டியவர்கள் இப்போது இந்தக் கணக்கில் நிற்கிறார்கள். ஆக, இது நோயும் முதுமையும் கூடியதன் விலை. தகுதிக் கோட்டை நகர்த்தினால் நோய் குறையாது. நோயாளி பட்டியலிலிருந்து மறைவார், மருத்துவமனையிலோ உள்ளாட்சியின் வாசலிலோ மறுபடி வந்து நிற்பார்.

கோட்டை நகர்த்தி மிச்சம்பிடிக்கப் பார்த்தது இது முதல்முறையும் இல்லை. பழைய உதவித்தொகையை எடுத்துவிட்டு பிப்பைக் கொண்டுவந்ததே ஐந்தில் ஒரு பங்குச் செலவைக் குறைக்கத்தான், அது குறையவில்லை. 2016-இல் உடுத்தவும் கழிப்பறைக்கும் கருவிகளைப் பயன்படுத்துவோரின் புள்ளிகளைக் குறைக்கப் பார்த்தார் அன்றைய நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன். அதைக் கண்டித்து வேலை, ஓய்வூதியத் துறை அமைச்சர் இயன் டங்கன் ஸ்மித்தே பதவி விலகினார், திட்டம் கைவிடப்பட்டது. அவர் விலகிய நாள் மார்ச் 18. ஒன்பது ஆண்டு கழித்துக் கெண்டால் தேர்ந்தெடுத்ததும் அதே தேதிதான். 2017-இல் மனநலப் பாதிப்புள்ளோரைக் குறிவைத்து விதியைத் திருத்தியபோது, அது அப்பட்டமான பாகுபாடு என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

இத்தனை சுற்றுக்கும் பிறகு, அரசு ‘மறுஆய்வு’ என்றாலே அங்கே வயிறு கலங்குகிறது. வேலை, ஓய்வூதியத் துறையின் கடிதங்கள் பழுப்பு நிற உறையில் வரும். அஞ்சல் பெட்டியில் அந்த உறை விழும் ஓசைக்கே நடுங்குவதாக மாற்றுத்திறனாளிகள் சொல்வது வழக்கம். நடுக்கத்துக்குக் காரணம் இருக்கிறது: பிப் மறுக்கப்பட்டுத் தீர்ப்பாயம்வரை போனவர்களில் மூன்றில் இரண்டு பேரளவுக்கு வெற்றி பெறுகிறார்கள். அதாவது முதல் முடிவு தவறாக இருந்திருக்கிறது. அதுவரை வாடகையை யார் கட்டினார்கள்? தீர்ப்பாயம்வரை போகத் தெம்பில்லாமல் விட்டுவிட்டவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் முதிய தாயின் படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்பிக் கொடுக்கும் ஈழத்தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது வெளிநாட்டுச் செய்தி அல்ல.

பிப்பின் வருங்காலம் இப்போது டிம்ஸ் தலைமையிலான மறுஆய்வின் கையில். இணைத் தலைவர்களாக மாற்றுத்திறனாளிகளும் இருக்கிறார்கள். சேமிப்பு இதன் நோக்கமல்ல என்கிறது அரசு. இரண்டும் நல்லவை, ஆனால் போதாதவை. நிதித்துறை ஒரு தொகையை எழுதிக் கொடுத்துவிட்டு அதற்கேற்ற விதியைத் தேடச் சொல்லும் பழக்கம் இங்கேயும் நுழையாது என்று எழுத்தில் உறுதி வேண்டும். நான்கு புள்ளி விதி எந்த வேடத்திலும் திரும்பி வரக் கூடாது. யுனிவர்சல் கிரெடிட்டில் புதியவர்களுக்குப் பாதியாக்கிய தொகையை நாடாளுமன்றம் பழைய அளவுக்கு உயர்த்த வேண்டும். ‘எப்போதும்’ என்ற சொல்லுக்குச் சட்டத்திலேயே விளக்கம் வேண்டும்.

மறுஆய்வின் அறிக்கையை 2026 இலையுதிர்காலத்துக்குள் தருவதாக அரசு நாடாளுமன்றத்தில் உறுதியளித்திருக்கிறது. பாதியாக்கிய தொகைக்குக் குறித்த தேதி அதற்கும் முன்னால், ஏப்ரலில்.