வரலாற்றுக்குத் தனி வாடகை

பிரிட்டனில் பழைய பிரபுக்களின் எஸ்டேட்டுக்குள் இருக்கும் சின்னச் சின்ன காட்டேஜ்களை ஜோடிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். நாமே சமைத்துக்கொள்ளலாம், தொந்தரவு பண்ண ஆள் கிடையாது, ஜன்னலைத் திறந்தால் காலங்காலமாகப் பராமரித்த தோட்டம். விளம்பரத்தில் 'ரொமான்டிக்', 'ஹிஸ்டாரிக்' இரண்டும் கைகோத்துக்கொண்டுதான் வரும். முதல் வார்த்தையோடு எனக்குச் சண்டை இல்லை. இரண்டாவதைச் சொல்லிக் காசு வாங்கிவிட்டு, "அப்படி என்ன ஹிஸ்டரி?" என்று கேட்டால் மட்டும் முகம் சுளிக்கிறார்களே, அதோடுதான் சண்டை.

வேல்ஸில் இருக்கும் போவிஸ் கோட்டையை எடுத்துக்கொள்வோம். படிப்படியாக இறங்கும் அதன் தோட்டம் உண்மையிலேயே பேரழகு. அந்த எஸ்டேட் தலைநிமிர்ந்ததே ஒரு கல்யாணத்தால்தான். 1784இல் அந்த வீட்டுப் பெண் ஹென்ரியேட்டா ஹெர்பெர்ட், ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்டைக் கட்டிக்கொண்டார். பெண் வீட்டில் பழைய பெயரும் கடனும் இருந்தன. மாப்பிள்ளை வீட்டில் இந்தியாவில் சேர்த்த பணம் இருந்தது. அந்த எட்வர்ட் 1798 முதல் 1803 வரை மெட்ராஸ் கவர்னர். 1799இல் திப்பு வீழ்ந்ததும், அதே வருடம் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதும், 1801இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டதும் இவர் பதவியில் இருந்தபோதுதான். திப்புவின் கூடாரம் இன்றும் போவிஸ் சேகரிப்பில் இருக்கிறது. பாஞ்சாலங்குறிச்சிக்கும் அந்தப் பூந்தோட்டத்துக்கும் நடுவே ஒரே ஒரு ஆள்தான்.

சரி, அது கோட்டைக்குள் இருந்தவர்களின் கதை. காட்டேஜில் இருந்தவர்கள் யார்?

இப்படி வாடகைக்கு வரும் வீடுகளில் 'பாத்தி' என்று ஒரு வகை உண்டு. நம்மூர்த் தோட்டத்துப் பாத்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விக்டோரியா காலத்துப் பெரிய எஸ்டேட்களில் கல்யாணம் ஆகாத இளம் தோட்டக்காரர்கள் சேர்ந்து தங்கிய இடம் அது. ராத்திரி எழுந்துபோய் கண்ணாடி வீடுகளின் பாய்லரைப் பார்த்துக்கொள்ள வசதியாக, வேலை பக்கத்திலேயே படுக்கை. கல்யாணம் என்றால் பெரும்பாலும் அந்த இடத்தைக் காலி பண்ண வேண்டியதுதான். ஜோடிகளுக்கு இடமில்லாத கூரை, இன்று ஜோடிகளுக்கென்றே விலைக்கு வருகிறது. இதைவிட நல்ல கதை எந்த விளம்பரக்காரருக்குக் கிடைக்கும்? ஆனால் சொல்ல மாட்டார்கள்.

"ரெண்டு நாள் நிம்மதியா இருக்கப் போற இடத்துலயும் அரசியலா ப்ரோ?" என்பீர்கள். அரசியலை நான் கொண்டுபோகவில்லை. அது அங்கேயேதான் குடியிருக்கிறது. 1952 முதல் போவிஸைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட், 2020இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. தன் பொறுப்பில் உள்ள 93 இடங்களுக்குக் காலனியத்தோடோ அடிமை முறையோடோ தொடர்பு இருக்கிறது என்றது. உடனே எம்.பி.க்கள் சிலர் கொதித்தார்கள். அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் ஆணையம் வரை விஷயம் போனது. நடவடிக்கை எடுக்க முகாந்திரம் எதுவும் இல்லை என்று 2021இல் அது சொல்லிவிட்டது. ஒரு கட்டடம் எந்தக் காசில் எழுந்து நின்றது என்று சொன்னதற்கே இவ்வளவு களேபரம்!

நான் கோட் எழுதிப் பிழைப்பவன். எங்கள் வேலையில் ஒவ்வொரு வரியையும் யார், எப்போது எழுதினார்கள் என்று காட்ட ஒரு கட்டளை இருக்கிறது. அதை ஓட்டினால் புரோகிராம் கெட்டுப்போகாது. எதைத் தொடுகிறோம் என்று தெரிந்து தொடுவோம், அவ்வளவுதான்.

போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் போங்கள், சமைத்துச் சாப்பிடுங்கள், தோட்டத்தில் கைகோத்து நடங்கள். உண்மை தெரிந்தால் உடைந்துபோகும் அளவுக்கு உங்கள் காதல் ஒன்றும் பலவீனமானது இல்லை. இந்த மாதிரி வீடுகளில் மேஜை மேல் ஒரு ஃபைல் இருக்கும்: வைஃபை பாஸ்வேர்டு, அடுப்பு பற்றவைக்கும் முறை, குப்பை எடுக்கும் கிழமை. அதில் இன்னும் ஒரே ஒரு பக்கம் வேண்டும். இங்கே யார் படுத்திருந்தார்கள், எஸ்டேட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது. 'ஹிஸ்டாரிக்' என்பதற்கும் சேர்த்துத்தானே வாடகை கட்டுகிறோம்? கேட்டு வாங்குங்கள்.