கேம் ரகசியங்களை அழிக்கும் அப்டேட்!

புதிதாக ஒரு கேம் கன்சோல் வருகிறது என்று செய்தி வந்தால் பெரும்பாலோர் முதலில் என்ன பார்ப்பார்கள்? விலை எவ்வளவு, மெமரி எவ்வளவு, 4கே டிவியில் எப்படித் தெரியும், இவ்வளவுதான். நான் முதலில் பார்ப்பது வேறு. அதில் டிஸ்க் போட இடம் இருக்கிறதா? கேசட் சொருக இடம் இருந்தால், அந்தக் கேசட்டுக்குள் உண்மையிலேயே கேம் இருக்கிறதா?

இது என்ன கேள்வி, கேசட்டுக்குள் கேம் இல்லாமல் வேறென்ன இருக்கும் என்று சிரிக்காதீர்கள். 2025 ஜூன் 5 அன்று வெளிவந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 கன்சோலில் 'கேம் கீ கார்டு' என்று ஒரு வகை இருக்கிறது. கடையில் காசு கொடுத்து அட்டைப் பெட்டியோடு வாங்குகிறீர்கள். உள்ளே இருப்பது சாவி மட்டும்தான். கேமை இன்டர்நெட்டில் டவுன்லோடு செய்துகொள்ள வேண்டும். அதன் பிறகும் ஒவ்வொரு முறை விளையாடும்போது அந்தக் கார்டைச் சொருகித்தான் ஆக வேண்டும்! 2024 நவம்பரில் வந்த சோனியின் பிளேஸ்டேஷன் 5 ப்ரோவில் டிஸ்க் டிரைவே கிடையாது. வேண்டுமென்றால் தனியாகக் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

டிஸ்க் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு பழைய கதையைத்தான் சொல்வேன்.

1970களின் கடைசியில் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனத்தில் வாரன் ராபினெட் என்று ஒரு ப்ரோகிராமர் இருந்தார். அந்தக் காலத்தில் அங்கே ஒரு கேமை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரே ஆள் எழுதுவார். படம் வரைவது, சத்தம் சேர்ப்பது, கோடு எழுதுவது எல்லாம் அவர் வேலை. ஆனால் பெட்டியிலோ திரையிலோ அவர் பெயர் வராது. பெயர் வெளியே தெரிந்தால் போட்டி நிறுவனங்கள் ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடுமாம். இந்தக் கடுப்பில் நான்கு ப்ரோகிராமர்கள் வெளியேறி 1979இல் ஆரம்பித்ததுதான் ஆக்டிவிஷன். அவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, கேமை எழுதியவரின் பெயரை வெளியே தெரியும்படி அச்சிட்டது.

ராபினெட் சண்டை போடவில்லை. 'அட்வென்சர்' என்ற கேமை எழுதினார். அட்டாரி 2600 கன்சோலுக்கான அந்தக் கேசட்டில் மொத்த இடமே 4 கிலோபைட். நாம் இன்று வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு காலை வணக்கப் படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. அந்த 4 கிலோபைட்டுக்குள் கோட்டைகள், டிராகன்கள், பொருட்களைத் திருடிக்கொண்டு போகும் ஒரு வௌவால் என்று அத்தனையும் வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ஒரு ரகசிய அறையையும் வைத்தார்.

அதற்குள் போவது எப்படித் தெரியுமா? கறுப்புக் கோட்டைக்குள் இருக்கும் புதிர்ப்பாதையில் ஒரு மூலை அடைபட்டுக் கிடக்கும். பாலத்தைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தால்தான் அதற்குள் நுழைய முடியும். அங்கே சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி. பின்னணியின் நிறமும் அதுவே என்பதால் கண்ணுக்குத் தெரியாது. அந்தப் புள்ளியை எடுத்துக்கொண்டு மஞ்சள் கோட்டைக்குக் கீழே இருக்கும் அறைக்கு வரவேண்டும். அங்கே வேறு சில பொருட்களும் கிடந்தால் திரை மினுக்கத் தொடங்கும். ஒரே நேரத்தில் அதிகப் பொருட்களைக் காட்ட முடியாமல் அட்டாரி 2600 திணறுவதால் வருகிற மினுக்கல் அது. அந்தக் குறைபாட்டுக்குள்ளேயே தன் வாசலை வைத்துவிட்டார் மனிதர்! அப்போது வலப்பக்கச் சுவரைத் தாண்டிப் போனால், திரையில் மேலிருந்து கீழாக வண்ண எழுத்துகளில், 'உருவாக்கியவர் வாரன் ராபினெட்'.

இந்த ரகசியம் வெளியே வருவதற்குள் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த 15 வயதுப் பையன் ஒருவன் கண்டுபிடித்து அட்டாரிக்குக் கடிதம் எழுதினான். அதிகாரிகளுக்கு எரிச்சல் வராமல் இருக்குமா? ஆனால் என்ன செய்ய முடியும்? கேம் இருப்பது ரோம் சிப்பில். விற்றுப்போன கேசட்டுகளில் ஒரு பைட்டைக்கூட மாற்ற முடியாது. இனிமேல் விற்கப்போவதில் மாற்றலாம் என்றாலும் புதிதாக சிப் அச்சு செய்ய நிறையச் செலவாகும். அப்போது அங்கிருந்த ஸ்டீவ் ரைட் என்பவர்தான், இருக்கட்டும், ஈஸ்டர் பண்டிகையில் குழந்தைகள் தோட்டத்தில் ஒளித்து வைத்த முட்டையைத் தேடுவதுபோல இதையும் தேடட்டும் என்றார். 'ஈஸ்டர் எக்' என்ற பெயர் கேம்களுக்கு வந்தது இப்படித்தான்.

நானும் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன் என்பதால் இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது புதிர் அல்ல. அழிக்க முடியவில்லை என்பதுதான்.

நம்மூர் உதாரணத்துக்கு வருவோம். டிவி கேம் வைத்திருந்த வீடுகளில் '9999999 இன் 1' என்று லேபிள் ஒட்டிய கேசட் ஒன்று இருந்திருக்கும். (அத்தனை கேம் அதில் இருந்ததில்லை என்பது வேறு விஷயம். பத்துப் பதினைந்து கேமையே திருப்பித் திருப்பிக் காட்டும்.) ஜப்பானின் ஃபேமிகாம் கன்சோலைப் பார்த்துச் செய்த காப்பிகள்தான் அந்தப் பெட்டிகள். அதில் 'கான்ட்ரா' விளையாடியவர்களுக்கு மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ என்று சொன்னால் போதும், கை தானாக அசையும். 3 உயிருக்குப் பதில் 30 உயிர்! கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ முதலில் இதை வைத்தது கான்ட்ராவில் அல்ல. 1986இல் 'கிராடியஸ்' கேமை ஃபேமிகாமுக்கு மாற்றும்போது, டெஸ்ட் செய்ய அவருக்கே கேம் கஷ்டமாக இருந்ததாம். அதனால் எல்லா ஆயுதங்களும் கிடைக்கும்படி ஒரு குறுக்குவழி வைத்தார். அதை எடுக்காமலேயே கேம் வெளியாகிவிட்டது. அவர் 2020இல் காலமானபோது உலகம் முழுவதும் அஞ்சலி செலுத்தியவர்கள் எழுதியது அந்தப் பத்துப் பட்டன்களைத்தான்.

இன்று இப்படி ஒரு டெஸ்ட் கோடு தப்பித் தவறி வெளியே போனால் என்ன ஆகும்? மறுநாளே ஒரு அப்டேட் வரும். 'சில பிழைகள் சரிசெய்யப்பட்டன' என்று ஒரு வரி இருக்கும். முடிந்தது.

ராபினெட்டுக்கு நேர் எதிரான கதை ஒன்று இருக்கிறது. 2017இல் நிண்டெண்டோவின் முதல் ஸ்விட்ச் கன்சோலுக்குள் பழைய 'கோல்ஃப்' கேம் ஒன்று ஒளிந்திருப்பதை ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். 1984இல் வந்த அந்தக் கேமை எழுதியவர் சத்தோரு இவாட்டா. ப்ரோகிராமராக இருந்து நிண்டெண்டோவின் தலைவராகவே ஆனவர். 2015 ஜூலை 11 அன்று காலமானார். ஸ்விட்ச் வந்ததை அவர் பார்க்கவில்லை. கன்சோலின் தேதி ஜூலை 11 ஆக இருக்க வேண்டும். இரண்டு ஜாய்கான்களையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, இவாட்டா தன் வீடியோக்களில் ரசிகர்களைப் பார்த்து இரு கைகளையும் முன்னால் நீட்டுவாரே, அதேபோல் நீட்ட வேண்டும். கோல்ஃப் திறக்கும். இறந்துபோன ஒருவருக்கு, அவருடன் வேலை செய்தவர்கள் விற்கிற ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வைத்த அஞ்சலி!

கண்டுபிடித்த சில மாதங்களிலேயே சிஸ்டம் அப்டேட் ஒன்றில் அது நீக்கப்பட்டது.

நிண்டெண்டோவிடம் அதற்கு நியாயமான காரணம் இருந்திருக்கலாம். நான் குறை சொல்வது அதையல்ல. அட்டாரிக்கு ஆசை இருந்தும் முடியாமல் போன காரியம், இன்றைய கம்பெனிகளுக்கு ஒரு பட்டன் தூரத்தில் இருக்கிறது. பெட்டி நம் வீட்டு ஹாலில் இருக்கிறது. அதற்குள் என்ன இருக்கலாம் என்பதை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள்.

இதைச் சொன்னால் என் நண்பர்கள் உடனே ஹாட் காபி விவகாரத்தை இழுப்பார்கள். 2005இல் 'ஜிடிஏ சான் ஆன்ட்ரியாஸ்' டிஸ்க்கில், நிறுவனம் வேண்டாமென்று மூடிவைத்த ஆபாசக் காட்சிப் பகுதி ஒன்று அழிக்கப்படாமல் கிடந்தது. ஹாலந்துக்காரர் ஒருவர் அதைத் திறந்துகாட்ட, அமெரிக்காவில் கேமின் தரச் சான்றே வயது வந்தோருக்கு மட்டும் என்று மாறியது. பெரிய கடைகள் திருப்பி அனுப்பின. உண்மைதான். பெற்றோர்கள் கோபப்பட்டதிலும் தவறில்லை. அலுவலக சாஃப்ட்வேரிலும் இதே பயம்தான். எக்செல் 97 இன்னும் யாரிடமாவது இருந்தால் செய்து பாருங்கள். புதிய ஷீட்டில் எஃப்5 அழுத்தி எக்ஸ்97:எல்97 என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர், பிறகு ஒரு டேப். அடுத்து கன்ட்ரோலையும் ஷிப்டையும் பிடித்துக்கொண்டு சார்ட் விசார்டைக் கிளிக் செய்தால், கணக்கு போடும் ஷீட் விமானமாகிப் பறக்கும்! பறந்து தேடினால் எக்செல் எழுதியவர்களின் பெயர்கள் கிடைக்கும். 2002க்குப் பிறகு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பில் கவனம் வைத்து இந்த விளையாட்டுக்கெல்லாம் முற்றுப்புள்ளி வைத்தது. யாருக்கும் தெரியாத கோடு ஒரு வங்கிக் கம்ப்யூட்டரில் ஓடக்கூடாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கேம் வங்கி அல்லவே! 'ஜிடிஏ வைஸ் சிட்டி'யில் ஒரு கட்டடத்தின் ஜன்னலைப் பார்த்து எதிர்க் கட்டடத்திலிருந்து குதித்தால், கண்ணாடி வழியாக உள்ளே போய்விடலாம். அங்கே ஒரு சாக்லேட் முட்டை, ஈஸ்டர் வாழ்த்துடன். சான் ஆன்ட்ரியாஸில் பாலத்தின் உச்சிக்கு ஏறினால், 'இங்கே ஈஸ்டர் எக் எதுவும் இல்லை, போய்விடு' என்று போர்டு! பிரவுசிங் சென்டரில் மணிக்கு இத்தனை ரூபாய் கொடுத்து இதைத் தேடியவர்கள் நம்மில் எத்தனை பேர்? நோட்டின் கடைசிப் பக்கத்தில் சீட் கோடுகளை எழுதி வைத்து, அதைக் காப்பி அடிக்கக் கொடுப்பதற்குப் பேரம் பேசிய காலமும் உண்டு.

ரகசியம் மட்டும் போனால்கூடப் பரவாயில்லை, கேமே போகிறது. 2014 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 4இல் 'பி.டி.' என்று ஒரு இலவசப் பேய் கேம் வந்தது. பெயர் தெரியாத ஒரு ஸ்டுடியோ. ஒரே தாழ்வாரத்தில் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும், வயிறு கலங்கும். கடைசிப் புதிரை உடைத்தவர்களுக்குத்தான், இது ஹிடியோ கொஜிமா செய்யவிருந்த 'சைலன்ட் ஹில்ஸ்' கேமின் அறிவிப்பு என்று தெரிந்தது. அந்த ஸ்டுடியோவே பொய்! இதைவிடப் பெரிய ஈஸ்டர் எக் உண்டா? 2015 ஏப்ரலில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. பி.டி.யும் ஆன்லைன் கடையிலிருந்து எடுக்கப்பட்டது. ஏற்கெனவே டவுன்லோடு செய்தவர்கள்கூட ஒருமுறை டெலீட் செய்தால் திரும்ப எடுக்க முடியாது.

அது இலவசம். காசு கொடுத்து வாங்கிய கேமும் தப்பவில்லை. யுபிசாஃப்ட்டின் 'தி க்ரூ' கார் ரேஸ் கேமின் சர்வர்கள் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தப்பட்டன. அதைத் தனியாக விளையாடுவதற்கும் சர்வர் தேவை என்பதால் டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. இதை எதிர்த்து ராஸ் ஸ்காட் என்பவர் ஆரம்பித்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் மனுவுக்கு ஐரோப்பாவில் 2025 ஜூலையில் 10 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது. கேம் விளையாடுகிறவர்கள் சோம்பேறிகள் என்று யார் சொன்னது?

டவுன்லோடே கூடாது என்று சொல்லும் ஆள் நான் அல்ல. டிஸ்க் தேய்கிறது, உடைகிறது. டிஸ்க்கில் இருப்பதும் பல நேரம் அரைகுறைக் கேம்தான். 'ஜிஓஜி' போன்ற தளங்களில் பூட்டு எதுவும் இல்லாமல் கேமை இறக்கி நம் ஹார்டு டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம். அதுவும் எனக்குச் சம்மதமே. ஆனால் 'வாங்கு' என்று பட்டனில் எழுதிவிட்டு, பிறகு நீ வாங்கியது லைசென்ஸ்தான் என்பது எந்த ஊர் நியாயம்? கலிபோர்னியாவில் இதற்கென்றே 2024இல் சட்டம் போட்டார்கள். லைசென்ஸ்தான் விற்கிறோம் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 2025இலிருந்து அது அமலில் இருக்கிறது. நம் நாட்டில் பழைய டிஸ்க்கை விற்று அடுத்த டிஸ்க்கை வாங்குகிறவர்கள்தான் அதிகம். டிஸ்க் இல்லாத கன்சோல் அவர்கள் பட்ஜெட்டில் நேராகக் கை வைக்கிறது.

என் பரிந்துரை இதுதான். பழைய பிளேஸ்டேஷன் 2 வீட்டில் தூங்கினால் எடைக்குப் போடாதீர்கள். டிஸ்க்குகளை உறையில் போட்டு வையுங்கள். மெமரி கார்டு கெட்டுப்போகும் முன் கம்ப்யூட்டருக்குக் காப்பி எடுத்துவிடுங்கள். வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை.

கிடைக்காதவற்றில் இன்னும் என்னென்ன ஒளிந்திருக்கிறதோ! அட்டாரி 1977இல் 'ஸ்டார்ஷிப் 1' என்று, கடைகளில் காசு போட்டு விளையாடும் மெஷின் ஒன்றை வெளியிட்டது. அதில் ஒரு ரகசியம் வைத்ததாக அதை எழுதிய ரான் மில்னர் பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார். ஆனால் எந்தப் பட்டன்களை எந்த வரிசையில் அழுத்த வேண்டும் என்பது அவருக்கே மறந்துவிட்டது. முன்பு மைக்ரோசாஃப்ட்டில் எக்ஸ்பாக்ஸ் கேம்களைக் கவனித்துக்கொண்ட எட் ஃப்ரைஸ், ரோம் சிப்பிலிருந்த கோடைப் பிரித்துப் படித்து அந்த வரிசையை 2017இல் கண்டுபிடித்தார். நாற்பது வருடம் அதில் ஒரு பைட்டும் மாறவில்லை. வரிசையாக அழுத்தியதும் திரையில் 'ஹாய் ரான்!' என்று வந்தது. கூடவே 10 ஆட்டம் இலவசம்.