ரோஜாவுக்கு மருந்து அடிக்கும் முன்

ரோஜாச் செடியில் நாலு இலை மஞ்சளானால் போதும், எங்கள் களமருதூர் பக்கம் அடுத்த வேலை உரக்கடைக்குப் போவதுதான். "ரோஜாவுக்கு மருந்து குடுங்கண்ணே" என்றால் அவரும் ஏதோ ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிடுவார். மேல் இலையா, அடி இலையா என்று அவரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. காய்ச்சல் என்று போனால்கூட டாக்டர் நாக்கை நீட்டச் சொல்கிறார். ரோஜாவுக்கு அந்த மரியாதை கிடையாது! என்னைக் கேட்டால், வீட்டு ரோஜாக்கள் நோயால் சாவதைவிட வைத்தியத்தால் சாவதுதான் அதிகம் என்பேன்.

மஞ்சளையே எடுத்துக்கொள்ளுங்கள். அடி இலைகள் சீராக வெளுத்தால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. தொட்டி மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் வேரைச் சந்தேகப்பட வேண்டும். கொழுந்து இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. போர் தண்ணீர் சுண்ணாம்பாக இருக்கும் இடங்களில், மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. அதற்கு யூரியா போட்டு என்ன பிரயோசனம்? மழைத்தண்ணீர், தொழு உரம், அவசரத்துக்கு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து இலையில் தெளிப்பது, இவைதான் வழி. எல்லோரும் சொல்லும் முட்டை ஓடும் சுண்ணாம்புதான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இலையில் கரும்புள்ளி விழுந்து, சுற்றிலும் மஞ்சளாகி உதிர்ந்தால் அது பூஞ்சாணம். இலை ஏழு மணி நேரமாவது தொடர்ந்து ஈரமாக இருந்தால்தான் அது உள்ளே புகும். ஆகவே சாயங்காலம் செடியைத் தலையோடு குளிப்பாட்டுவதை நிறுத்துங்கள். உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி எரியுங்கள். பாதி வைத்தியம் முடிந்தது.

கோடையில் இலை மங்கி, தூசி படிந்ததுபோல ஆகிறதா? வெள்ளைத்தாள் ஒன்றைக் கீழே பிடித்துத் தட்டிப் பாருங்கள். புள்ளிகள் நகர்ந்தால் செஞ்சிலந்தி. இது பூச்சியே அல்ல, எட்டுக் கால் பிராணி. சாதாரணப் பூச்சிமருந்து இதைத் தின்னும் நல்ல உயிர்களைக் கொன்றுவிடும், சிலந்தி இன்னும் பெருகும். இலையின் அடிப்பக்கம் நாலைந்து நாள் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெருமளவு குறையும். அதற்கும் அடங்காவிட்டால் நனையும் கந்தகம், அதுவும் வெயில் இறங்கிய பிறகு. கடும் வெயிலில் அடித்தால் இலை கருகும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வேறு விஷயத்துக்கு. பருத்திக்கு வாங்கி மீந்த மருந்தை வீட்டு ரோஜாவுக்கு அடிக்கிறார்கள். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறியில் அடிக்க 2005லேயே தடை வந்துவிட்டது. ரோஜா காய்கறி இல்லைதான். ஆனால் அதன் பக்கத்திலேயே கத்தரியும் தக்காளியும் நிற்கின்றன. பூ தங்கச்சி தலைக்குப் போகிறது. பன்னீர் ரோஜா இதழைச் சும்மா மெல்லாத பிள்ளை உண்டா?

கிளை நுனியிலிருந்து கறுத்துக்கொண்டே இறங்கினால் எந்தத் தெளிப்பும் உதவாது. உள்ளே வெள்ளையாகத் தெரியும் வரை வெட்டி, வெட்டிய வாயில் காப்பர் ஆக்சிகுளோரைடைப் பசையாகத் தடவுங்கள். கத்தரியை ஒவ்வொரு வெட்டுக்கும் துடைக்க வேண்டும்.

"செடி நல்லா கொழுகொழுன்னு வளருது, பூ மட்டும் வரலை" என்பவர்கள் மருந்தையும் உரத்தையும் ஓரமாக வைத்துவிட்டு, குனிந்து ஒட்டுப் போட்ட முடிச்சைப் பாருங்கள். அதற்குக் கீழிருந்து வருவது காட்டு ரோஜா. வெட்டினால் மறுபடி துளிர்க்கும், அடியோடு பிய்த்து எடுங்கள்.