பிடியும் கற்பனையும்

எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கும் அக்காள் மகன் கீபோர்டில் புளூஸ் பழகத் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. அந்தி சாய்ந்தால் ஐந்தாறு ஸ்வரங்கள் கொண்ட ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறான். அதற்கு ‘லிக்’ என்று பெயராம். “கற்பனையாக வாசிக்கிற இசை என்றாயே, இதென்னடா மனப்பாடம்?” என்று கேட்டேன். “உங்க வாத்தியார் மட்டும் என்ன செஞ்சார் மாமா?” என்றான்.

உறைத்தது. சிம்மக்கல்லில் என் பாட்டு வாத்தியார் காம்போதியை இலக்கணம் சொல்லியா தொடங்கினார்? மகபதஸா என்று ஒரு பிடி, ஸநிபதஸா என்று இன்னொரு பிடி. இவை தொண்டையில் ஊறும்வரை ஆலாபனை என்ற பேச்சே கிடையாது. ‘பிடி’ என்பது எவ்வளவு அழகான சொல்! ராகத்தை நாம் பிடித்துக்கொள்ளும் இடம் அது. ராகம் நம்மைப் பிடித்துக்கொள்ளும் இடமும் அதுவே.

புளூஸ் கணக்கும் நமக்கு அந்நியமன்று. ஸட்ஜம், சாதாரண காந்தாரம், இரு மத்யமங்கள், பஞ்சமம், கைசிகி நிஷாதம். இவற்றைப் பெரும்பாலும் 12 பார் சுழற்சியில், மூன்று கார்டுகளின் மீது ஓட்ட வேண்டும். பியானோவில் ஸ்வரத்தை வளைக்க முடியாது. ஆகவே சாதாரண காந்தாரத்தைத் தொட்ட மாத்திரத்தில் அந்தர காந்தாரத்தில் விழுகிறார்கள். கமகத்துக்கு ஏங்கும் ஒரு வாத்தியத்தின் தந்திரம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மனப்பாடம் கற்பனையைக் கொல்லும் என்போர் மதுரை மணி ஐயரின் (1912–1968) ஒலிப்பதிவுகளைக் கேட்கட்டும். சர்வலகுவில் அவர் கையாளும் ஸ்வரக்கட்டுகள் பல எளியவை. அடுத்தடுத்த பதிவுகளில் அடையாளம் கண்டுகொள்ளக் கூடியவை. ஆனால் எந்த இடத்தில் தொடங்குகிறார், எங்கே மூச்சு விடுகிறார், எடுப்புக்கு எப்படி வந்து சேருகிறார் என்பதில்தான் அன்றைய கச்சேரி இருக்கிறது. சார்லி பார்க்கரும் 1937 கோடையில் லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளோடு உட்கார்ந்து, அவருடைய வாசிப்பை அப்படியே நெட்டுருப் போட்டவர்தாம். பின்னாளில் பார்க்கரின் வாசிப்பை யங்கின் நகல் என்று யார் சொன்னார்கள்?

ஆனால் என் கட்சி இத்துடன் முடியவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு போட்டியில் (எந்தச் சபை என்பது வேண்டாம்) பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி கல்பனாஸ்வரம் பாடினாள். கணக்குப் பிசகாத கோர்வை, கைதட்டல் எல்லாம் ஆயிற்று. நடுவர் அன்போடு, “இன்னும் ரெண்டு ஆவர்த்தனம் பாடும்மா” என்றார். பாட முடியவில்லை. நோட்டுப்புத்தகத்தில் இருந்தது அவ்வளவுதான். அந்தக் குழந்தையின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தவறு அவளுடையதா?

அவளுக்குக் கொடுத்தது பிடி அன்று, எழுதிக் கொடுத்த மேடைப்பேச்சு. சொற்களைக் கற்பதும் சொற்பொழிவை ஒப்பிப்பதும் ஒன்றல்ல. நான்கு ஸ்வரத் துண்டு ஒன்றைக் கொடுத்து, “இதை அரை எண்ணிக்கை தள்ளி எடு, கீழ்க்காலத்தில் பாடு, கடைசி ஸ்வரத்தை மாற்றி எடுப்போடு பொருத்து” என்று ஒரு வாரம் அலையவிட்டிருந்தால், அந்த இரண்டு ஆவர்த்தனம் எப்படியோ வந்திருக்கும். சுமாராகத்தான் வந்திருக்கும், பரிசு கிடைத்திராது. பரிசுக்கு அவசரப்பட்ட பெரியவர்கள் அந்தச் சுமாரைப் பொறுத்துக்கொள்ளத் தயாராயில்லை. எழுதிக் கொடுப்பது அவர்களுக்குச் சுலபம்.

மருமகன் அலைகிறான். ஒரே துண்டை மூன்று கார்டுகளிலும் வைத்துப் பார்க்கிறான், வேறு ஸ்ருதிகளுக்கு நகர்த்துகிறான், பாதிக்கு மேல் தப்பாகிறது. நேற்றிரவு மின்வெட்டு முடிந்து விளக்கு வந்ததும் மறுபடி உட்கார்ந்தான். வழக்கமான லிக்கைத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, எதிர்பாராத ஓர் இடத்தில் போய் இறங்கினான். அடுக்களையிலிருந்து அக்காள், “இது புதுசா இருக்கே, யாருடையது?” என்று கேட்டாள். அவனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.