ஒரே பொருளுக்கு இரண்டு கதை

 

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கசக்கும். முழுவதையும் வாசித்துவிட்டு ஏசுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.

விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கியதும் தரம் 7 பிள்ளைகளிடம் "நான் சென்ற ஒரு பயணம்" என்று கட்டுரை எழுதச் சொன்னோம். நுவரெலியா, திருகோணமலை, யாழ்ப்பாணம் என்று எழுதினார்கள். ஒரு பிள்ளை சிங்கப்பூர் போய் வந்ததை எழுதியிருந்தாள். மிருகக்காட்சிசாலை, எம்.ஆர்.டி. ரயில், லிட்டில் இந்தியா எல்லாவற்றையும் அழகாகச் சொல்லிவிட்டுக் கடைசிப் பந்தியில் இப்படி முடித்திருந்தாள்:

"எயார்போர்ட்டில் சாச்சியின் புதுச் சங்கிலியை நான் போட்டிருந்தேன். யாராவது கேட்டால் உம்மா எனக்கு வாங்கித் தந்தது என்று சொல்லச் சொன்னார்கள். ஒருவரும் கேட்கவில்லை. பிறகு கழற்றி சாச்சியிடமே கொடுத்தோம். வாப்பாவுக்கு டெக்ஸ் காசு கிடைத்தது. எல்லோரும் சிரித்தோம்."

எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. சிவப்புப் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தோம்.

யார் பிள்ளை என்று தேட வேண்டாம். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறோம். தேடத் தொடங்கினால் எங்கள் வீடும் அகப்படும். 2019இல் நாங்கள் சிங்கப்பூர் போனபோது, அங்கே வேலை செய்யும் தெரிந்த ஒருவர் லப்டொப் வாங்க எங்களையும் கூட்டிக்கொண்டு போனார். "உங்கட பாஸ்போர்ட்டைக் காட்டுங்க, ஏழு வீதம் மிச்சம்" என்றார். காட்டினோம். விமான நிலைய மெஷினில் அந்தப் பில்லுக்கும் 'ஆம்' என்று அமத்தினோம். லப்டொப் அவருடைய அறையிலேயே இருந்தது. கிடைத்த காசில் பாதியை எங்களுக்குத் தந்தார். பிள்ளைகளுக்கு சொக்லட் வாங்கினோம். அன்று அது பொய்யாகவே தெரியவில்லை. உதவி என்றுதான் நினைத்தோம். ஆகவே இதை மேடையில் ஏறி நின்று எழுதவில்லை, குற்றவாளிக் கூண்டில் நின்றுதான் எழுதுகிறோம்.

முதலில், இந்தக் காசு ஏன் திருப்பித் தரப்படுகிறது என்று பார்ப்போம்.

பொருள் வாங்கும்போது நாம் கொடுக்கும் வற் வரி, சிங்கப்பூரில் ஜி.எஸ்.டி., பாவனை மீதான வரி. எந்த நாட்டில் பொருள் பாவிக்கப்படுகிறதோ அந்த நாட்டுக்குத்தான் அந்த வரி உரியது. சுற்றுலாப் பயணி வாங்கிய பொருள் நாட்டை விட்டு வெளியே போகிறது, அங்கே பாவிக்கப்படப் போவதில்லை. ஆகவே "உன் வரியை நீயே வைத்துக்கொள்" என்கிறார்கள். இது தள்ளுபடியும் இல்லை, பெருநாள் அன்பளிப்பும் இல்லை. "இது என்னுடையது, இதை என்னோடு கொண்டு போகிறேன்" என்று நாம் சொல்லும் ஒரு வார்த்தையை நம்பித் தரும் காசு. அந்த வார்த்தை பொய்யென்றால், கையில் வந்த காசுக்கு வேறு பெயர் உண்டு.

சிங்கப்பூரில் ஜி.எஸ்.டி. 2022 வரை 7 வீதம், 2023இல் 8, 2024 ஜனவரி முதல் 9. நூறு டொலருக்குக் குறையாத பில்லுக்கே திருப்பிக் கேட்கலாம். பொருளை வாங்குகிறவர் நேரில் நின்று தன்னுடைய கடவுச்சீட்டைக் கடையில் காட்ட வேண்டும். வாங்கி இரண்டு மாதத்துக்குள் பொருளோடு சாங்கி விமான நிலையத்தால் வெளியேற வேண்டும். சிங்கப்பூர்ப் பிரஜைக்கு இல்லை, நிரந்தர வதிவிட உரிமை பெற்றவருக்கு இல்லை, வேலை அனுமதியில் இருப்பவருக்கும் இல்லை. இன்னொருவர் வாங்கியதற்கு நாம் கேட்பது அங்கே குற்றம். இந்தத் திட்டத்தை ஏமாற்றி அங்கே சிறைக்குப் போன சுற்றுலாப் பயணிகளும் இருக்கிறார்கள். சாச்சி சிங்கப்பூரில் குடியிருப்பவர் என்றால், சாச்சியின் சங்கிலிக்கு வரி திருப்பிக் கிடையாது. அவ்வளவுதான் சட்டம்.

இப்போது அடுத்த பக்கத்துக்கு வாருங்கள். உண்மையாகவே பொருளைக் கொண்டு வருகிறவர்களில் சிலர் என்ன செய்கிறார்கள்? சாங்கியில், "இவ்வளவு பெறுமதியான சாமானை இலங்கைக்குக் கொண்டு போகிறேன்" என்று சொல்லிக் காசை வாங்குகிறார்கள். நாலு மணித்தியாலம் கழித்துக் கட்டுநாயக்கவில் இறங்கி, அனுமதித்த அளவுக்கு மேல் சாமான் இருந்தும், பச்சை வழியால் நடக்கிறார்கள். பச்சை வழியால் நடப்பதன் அர்த்தம், "சொல்ல வேண்டியது என்னிடம் ஒன்றும் இல்லை" என்பதுதான். பொருள் ஒன்று, வாயும் ஒன்று. ஒரு விமான நிலையத்தில் இருக்கிறது என்றும் மறு விமான நிலையத்தில் இல்லை என்றும் எப்படிச் சொல்ல முடிகிறது? அங்கே வரி விட்டுத் தந்ததே, போய்ச் சேரும் நாட்டு விதிப்படி அது நடத்தப்படும் என்பதால்தான். இரண்டு பக்கமும் கொடுக்காமல் விடுவதை நமது வட்ஸ்அப் குழுக்களில் 'மூளை' என்கிறார்கள். வாழ்த்துச் சொல்லிக் கைதட்டவும் ஆட்கள் இருக்கிறார்கள்.

இதைச் சொன்னால் வரும் பதில்கள் எங்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றாக எடுப்போம்.

"அது சிங்கப்பூர்க்காரன்ட காசுதானே, எங்களுக்கென்ன?"

சிங்கப்பூரில் கட்டட வேலை செய்யும் நம்மவர் ஒருவர் மாலையில் கடையில் வாங்கும் சவர்க்காரத்துக்கும் 9 வீதம் கொடுக்கிறார். அவருக்குத் திருப்பிக் கிடைக்காது, ஏனென்றால் அவர் அங்கே வாழ்கிறார். அவர் கட்டுகிற அதே பெட்டியிலிருந்துதான் நாம் பொய் சொல்லி எடுக்கிறோம். அதோடு, மறுபக்கமாகவும் யோசித்துப் பாருங்கள். 2018இல் கட்டுநாயக்கவிலும் வெளிநாட்டுப் பயணிகளுக்கு வற் வரியைத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. காலி வீதியில் கடை வைத்திருக்கும் பணக்காரர் ஒருவர் தன் வீட்டுக்கு வாங்கிய சாமானின் பில்லை வெளிநாட்டிலிருந்து வந்த விருந்தாளியின் கையில் கொடுத்து, நம் திறைசேரியிலிருந்து காசை எடுத்தார் என்று கேள்விப்பட்டால் நாம் சும்மா இருப்போமா? முகநூலில் கிழித்துவிட மாட்டோமா? நமக்குச் செய்தால் திருட்டு, நாம் செய்தால் கெட்டித்தனம் என்ற கணக்கு எங்கே படித்தது?

"எங்கட அரசாங்கம் பதினெட்டு வீதம் பிடுங்குதே, அதைக் கேட்க ஆளில்லையே?"

உண்மை. 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த சமையல் எரிவாயுவும் பெற்றோலும்கூட அப்போதுதான் வற் வரிக்குள் வந்தன. இந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கோபப்பட முதல் உரிமை யாருக்கு? கொட்டாஞ்சேனைத் தோட்டமொன்றில் இரண்டு அறை வீட்டில் இருந்துகொண்டு காஸ் சிலிண்டருக்குக் காசு சேர்க்கிற தாய்க்கு. அவரிடம் கடவுச்சீட்டும் இல்லை, கடனட்டையும் இல்லை. அவர் கொடுக்கும் 18 வீதத்தில் ஒரு சதமும் திரும்பி வராது. விமான நிலையத்தில் வரி மீளப் பெறும் வரிசையில் நிற்பவர்கள் டிக்கெட் வாங்க முடிந்த நாம்தான். அந்தத் தாயின் கோபத்தைக் கடன் வாங்கி நம் பொய்க்குப் போர்த்தக் கூடாது.

"எல்லாரும் செய்றாங்க. சின்னத் தொகைதானே?"

எவ்வளவு சின்னது என்று பார்ப்போமே. சிங்கப்பூரில் 1,090 டொலர் பில் என்றால் வரி 90 டொலர். முகவர் நிறுவனத்தின் கட்டணம் கழித்துக் கைக்கு வருவது அதிலும் குறைவு. டுபாயில் வரி 5 வீதம்தான். 1,050 திர்ஹம் பில்லில் 50 திர்ஹம் வரி, அதிலும் கட்டணம் போனால் மிஞ்சுவது இன்னும் குறைவு. இதற்காகத்தான் ஒரு பிள்ளையின் கழுத்தில் சங்கிலியை மாட்டிப் பொய்யை மனனம் செய்ய வைத்தோம். முஸ்லிம்களுக்கு ஒரு வார்த்தை: அளவையில் குறை செய்வோரின் பெயரிலேயே குர்ஆனில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. தராசில் குறைப்பவன் மூட்டை மூட்டையாகத் திருடுவதில்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாகத்தான் குறைக்கிறான். மற்ற மார்க்கத்துச் சகோதரர்களுக்கும் இது புதிதல்ல, உங்கள் வீடுகளிலும் இதைத்தான் சொல்லி வளர்த்திருப்பார்கள்.

இனி, தப்பாக விளங்கிக்கொள்ள வேண்டாம். நேர்மையாக உரிய காசை விடச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. உரியதைக் கேட்டு வாங்குங்கள். மெஷினுக்கும் ஆங்கிலத்துக்கும் பயந்து நம் மூத்தவர்கள் எத்தனையோ பேர் உரிய காசை விட்டுவிட்டு வருகிறார்கள். அதுவும் எங்களுக்குக் கவலைதான். அவர்களுக்காகச் சில விடயங்கள்:

கடையில் காசு கொடுக்கும்போதே "டெக்ஸ் ரீஃபண்ட்" என்று கேட்டு, கடவுச்சீட்டைக் கொடுங்கள். பிறகு கேட்டால் பிந்திவிடும்.

சாங்கியில் பெரிய பொதிக்குள் வைக்கும் சாமானென்றால், பொதியைக் கொடுப்பதற்கு முன்பே மெஷினில் பதிய வேண்டும். கைப்பொதியில் இருந்தால் குடிவரவைத் தாண்டிய பிறகு. அதிகாரி கேட்டால் பொருளைக் காட்ட வேண்டும், ஆகவே அடியில் புதைத்து வைக்காதீர்கள்.

டுபாயில் ஒரு பில் 250 திர்ஹத்துக்குக் குறையக் கூடாது. 90 நாட்களுக்குள் பொருளோடு வெளியேற வேண்டும்.

பாரிஸ் லா சப்பல் பக்கம் உறவுகளிடம் போகிறவர்கள், பிரான்சில் ஒரு கடையில் 100 யூரோவைத் தாண்டினால் படிவம் கேட்கலாம். கிளம்பும் விமான நிலையத்தில் அதை மெஷினில் உறுதிப்படுத்தாவிட்டால் செல்லாது.

லண்டன் கடைகளில் 2020 டிசம்பரோடு இந்தச் சலுகையை நிறுத்திவிட்டார்கள். மலேசியாவில் 2018இல் ஜி.எஸ்.டி. போனதோடு இதுவும் போய்விட்டது. சென்னை தி.நகரில் சேலையும் நகையும் வாங்கிவிட்டு மீனம்பாக்கத்தில் தேடாதீர்கள். இந்தியாவின் 2017 சட்டத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கென்று 15ஆம் பிரிவு எழுதப்பட்டும் அது நடைமுறைக்கு வராமலே கிடக்கிறது.

இந்தப் பட்டியலிலிருந்தே ஒன்று தெரிகிறது. எந்த நாடும் இதைத் தந்தே ஆக வேண்டும் என்று இல்லை. விரும்பினால் தருவார்கள், வேண்டாம் என்றால் எடுத்துவிடுவார்கள். ஒழுங்காக வாங்குகிறவருக்கும் அது இல்லாமல் போவதற்கு நாம் காரணமாக இருக்கக் கூடாது.

நாங்கள் கேட்பது மூன்றே மூன்று. மற்றவர் பில்லுக்கு உங்கள் கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள். யாரிடமும் கேட்கவும் வேண்டாம். "இல்லை" என்று சொன்னவரை "பெரிய அவுலியா வந்துட்டார்" என்று கேலி பண்ணாதீர்கள். அளவுக்கு மேல் சாமான் இருந்தால் கட்டுநாயக்கவில் சிவப்பு வழியால் போய்ச் சொல்லுங்கள். முக்கியமாக, பிள்ளைகளை இதற்குள் இழுக்காதீர்கள். பரீட்சையில் பக்கத்துப் பிள்ளையின் விடையைப் பார்த்து எழுதினால் நாங்கள் தண்டிக்கிறோம். அதே பிள்ளை வீட்டில் பக்கத்து ஆளின் பில்லை வைத்துக் காசு எடுப்பதைப் பார்த்துச் சிரிக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று வகுப்பில் எந்த முகத்தோடு நாங்கள் சொல்வது?

2019இல் எடுத்த எங்கள் பாதியைக் கணக்குப் பார்த்து ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டோம். அதனால் செய்தது செய்யாததாகிவிடும் என்று நினைக்கவில்லை. லப்டொப்பின் சொந்தக்காரரிடமும் பேசினோம். முதலில் சிரித்தார். பிறகு கொஞ்ச நாள் எங்களோடு கதைக்கவில்லை. இப்போது கதைக்கிறார்.

அந்தக் கட்டுரைக்கு என்ன புள்ளி போட்டோம் என்று கேட்பீர்கள். இருபதுக்குப் பதினேழு. மொழிக்குரியதைக் குறைக்க எங்களுக்கு உரிமையில்லை. கீழே எதையும் எழுதாமல், பிள்ளையைக் கூப்பிட்டு, "அன்றைக்கு ஒபிசர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீங்க மகள்?" என்று மட்டும் கேட்டோம். கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "தெரியாது டீச்சர். பயமா இருந்திச்சு" என்றாள்.

கட்டுரையில் எழுதாமல் விட்டது அந்தப் பயத்தைத்தான். அந்தப் பயம் அவளுக்குள் இன்னும் இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். அடுத்த பயணத்தில் அதை நாம்தான் போக்கிவிடுவோமோ என்பதே எங்கள் கவலை.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். யாருடைய பெயரையும் போட வேண்டாம். இந்த விடுமுறையில் பயணம் போகிறவர் உங்கள் வீட்டில் இருந்தால் அவருக்கு இதை அனுப்பி வையுங்கள்.

வஸ்ஸலாம்.