சுவரொட்டி போதும், செவிலியர் வேண்டும்

மாண்புமிகு மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை அமைச்சர் அவர்களுக்கு,



ஆண்டுதோறும் ஆகஸ்ட் முதல் வாரத்தைத் தங்கள் துறை உலகத் தாய்ப்பால் வாரமாகக் கொண்டாடுகிறது. பேரணி நடக்கிறது, உறுதிமொழி வாசிக்கிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதுச் சுவரொட்டி ஒட்டுகிறார்கள். தாய்ப்பால்தான் சிறந்தது என்று தெரியாத பெண் தமிழ்நாட்டில் இன்று அநேகமாக இல்லை. கொடுக்க ஆசைப்பட்டும் பால் பத்தாமல் தவிக்கிற பெண்கள் நிறைய இருக்கிறார்கள். நானும் அப்படித் தவித்தவள்தான். அவர்களுக்காகவே இந்த மடலை எழுதுகிறேன்.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பைத் தாங்கள் அறிவீர்கள். நம் மாநிலத்தில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன என்கிறது அது. பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் நம்மிடம் ஏறக்குறைய 55 விழுக்காடு. அகில இந்திய அளவு 63.7. இத்தனை பிரசவங்களும் மருத்துவர், செவிலியர் கண்முன்னால் நடக்கிற மாநிலம் இதில் மட்டும் ஏன் பின்தங்குகிறது? அதே கணக்கெடுப்பில் இன்னோர் எண்ணும் இருக்கிறது: நம் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன். சிசேரியன் ஆனவளுக்குப் பால் இறங்கச் சற்றுத் தாமதமாகலாம். தையல் வலியில் பிள்ளையைத் தானாகத் தூக்கி மடியில் போடவும் முடியாது. பக்கத்தில் ஆள் அதிகம் தேவைப்படுவது அவளுக்குத்தான்.

அந்த ஆள் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை என் முதல் பிரசவத்தை வைத்தே சொல்கிறேன். ஒரு தனியார் மருத்துவமனை. அறுவை முடிந்த மறுநாள் இரவு குழந்தை அழுகையை நிறுத்தவில்லை. "பால் ஊறலையேம்மா" என்றார் மாமியார். குறையாகச் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார். டியூட்டி நர்ஸ் வந்து மார்பை ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். "பால் பத்தல, பவுடர் பால் குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். கீழே மருந்துக்கடையில் டின் தயாராக இருந்தது. பாலாடையில் குடித்த குழந்தை விடியும்வரை தூங்கினான். வார்டுக்கே நிம்மதி. குழந்தை வாய் எப்படிப் பற்றுகிறது என்று ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

இதில் நடந்த கோளாறு தங்கள் துறை மருத்துவர்களுக்குத் தெரியாததல்ல. முதல் நாள் பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வதே ஒரு டீஸ்பூன் அளவுதான். சீம்பாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பெரும்பாலான தாய்மாருக்கு மூன்றாவது நாள் வாக்கில்தான் மார்பு கனத்துப் பால் இறங்கும். அதுவரை பிள்ளை ஒரு நாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை சப்ப வேண்டும். சப்பச் சப்பத்தான் பாலை ஊற வைக்கும் புரோலாக்டின் சுரக்கும், அதுவும் இரவில்தான் அதிகம். இறைக்கிற கிணறுதான் ஊறும். வயிறு முட்டப் பவுடர் பால் குடித்துத் தூங்குகிற பிள்ளை சப்பாது. சப்பாத மார்பில் பால் குறையும். குறைந்த பாலைக் காட்டி இன்னும் ஒரு வேளை பவுடர் பால் சேர்ப்பார்கள். "பால் பத்தல" என்று பயத்தில் சொன்ன வார்த்தை பத்து நாளில் உண்மையாகிவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு எல்லாரும் கை கொடுத்தார்கள். பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, வெந்தயக் களி, முருங்கைக்கீரை என்று வேளைக்கு ஒன்றாக வந்தது. தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடியையும் யாரோ வாங்கி வந்தார்கள். அவற்றை நான் குறை சொல்லவில்லை. பச்சை உடம்புக்காரிக்கு ஆக்கிப் போட ஆள் இருப்பதே பாதி வைத்தியம். ஆனால் வந்தவர் போனவரெல்லாம் கேட்ட முதல் கேள்வி "பால் இருக்கா?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே ஒரு பெண் தன் உடம்பின் மேல் நம்பிக்கை இழந்துவிடுவாள். பயமும் வலியும் மிஞ்சினால் பாலை இறக்கும் ஆக்சிடோசின் தடைபட்டு, இருக்கிற பாலும் சுலபத்தில் இறங்காது.

என் நிலைமையை மாற்றியவர் தங்கள் துறை ஊழியர்தான். எங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியர் தடுப்பூசி விவரம் கேட்க வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையைக் கீழே வைத்தார். முதலில் குழந்தையைத் துணியில்லாமல் எடை போட்டார். பிறகு, "இப்பப் பால் குடும்மா, நான் பாக்குறேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். தையலில் இடிக்காதபடி ஒரு தலையணையை வைத்து, குழந்தையின் வயிறு என் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பினார். அவன் வாயை அகலத் திறக்கும்வரை பொறுக்கச் சொன்னார். திறந்ததும் தோளோடு சேர்த்து அணைத்தார். தாடை மார்பில் புதைந்தது, கீழுதடு வெளியே மடிந்தது, காம்பு மட்டுமல்லாமல் அதைச் சுற்றிய கறுப்பு வட்டத்தின் பெரும்பகுதியும் வாய்க்குள் போனது. அதுவரை இருந்த உயிர்போகிற வலி சட்டென்று குறைந்தது. "இப்பக் கேளு" என்றார். இரண்டு மூன்று சப்புக்கு ஒரு முறை, மெல்லிய விழுங்கல் சத்தம் கேட்டது.

போகும்போது, பால் வருகிறதா என்று மார்பைப் பிதுக்கிப் பார்க்காதே, ஈரத்துணியை எண்ணு என்றார். முதல் வாரம் முடிகையில் நாளுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போனால், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பினால், பிள்ளைக்குப் போதுகிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் பவுடர் பால் ஒரே நாளில் நிற்கவில்லை. எடையைப் பார்த்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைத்தோம். அது முறைப்படி செய்ய வேண்டிய வேலை, வைராக்கியத்தில் செய்கிற வேலையல்ல.

அமைச்சர் அவர்களே, எல்லாருக்கும் இப்படிச் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. சில பெண்களுக்கு உண்மையிலேயே பால் குறைவாகத்தான் சுரக்கும். தைராய்டு குறைபாடு, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, கருப்பையில் தங்கிவிட்ட நஞ்சுத் துண்டு, மார்பில் முன்பு செய்த அறுவை சிகிச்சை, பால் சுரப்பித் திசுவே குறைவாக இருப்பது, சிலருக்கு நீர்க்கட்டிப் பிரச்சினை என்று காரணங்கள் பல. பிள்ளைக்கு நாக்கு ஒட்டியிருந்தாலும் சரியாகச் சப்ப முடியாது. இவர்களிடம் போய் "மனசு வச்சா பால் வரும்" என்று சொல்வது கொடுமை. அதை நம்பிக் காத்திருந்தால் பிள்ளைக்கு நீர்ச்சத்து வற்றும், மஞ்சள் காமாலை முற்றும். இந்தத் தாய்மாருக்குப் பவுடர் பால் என்பது வைத்தியம். அதை வெட்கப்படாமல் கேட்டு வாங்கவும், சுத்தமாகக் கலக்கவும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். டின் விலைக்குப் பயந்து ஒரு கரண்டி குறைத்துப் போட்டுத் தண்ணீரைக் கூட்டுகிற வீடுகள் உண்டு. அந்தப் பிள்ளைகள் அழாமல் தூங்கும், எடை மட்டும் ஏறாது.

ஆக, யாருக்குப் பிடிமானத்தைத் திருத்தினால் போதும், யாருக்கு ரத்தப் பரிசோதனை வேண்டும், யாருக்குப் பவுடர் பால் வேண்டும் என்பதை முதல் வாரத்திலேயே பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒரு கண் வேண்டும். சுவரொட்டிக்கு அந்தக் கண் கிடையாது. 2015 ஆகஸ்டில் பேருந்து நிலையங்களில் திறக்கப்பட்ட பாலூட்டும் அறைகளும் நல்ல திட்டம்தான். ஆனால் முதல் வாரத்தைத் தாண்டி வந்த தாய்க்குத்தான் அந்த அறை பயன்படும்.

எனவே நான்கு கோரிக்கைகள்.

முதலாவது, பிரசவம் நடக்கும் எல்லா அரசு மருத்துவமனைகளிலும், இரவுப் பணி உட்பட ஒவ்வொரு ஷிப்டிலும், பாலூட்டலில் பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் இருக்க வேண்டும். ஊசி, மருந்து, பதிவேடு என்று ஓடுகிறவர் தலையில் இதையும் சேர்த்துக் கட்டக் கூடாது. பிள்ளை அழுவதும் டின் திறப்பதும் பெரும்பாலும் இரவில்தான்.

இரண்டாவது, பச்சிளங் குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும் என்று தேசிய வழிகாட்டுதல் இருக்கிறது. முதல் மூன்று பார்வைகளில் எடை போடுவதையும், ஒரு வேளைப் பாலூட்டலை முழுதாக உட்கார்ந்து பார்ப்பதையும் கட்டாயமாக்குங்கள். தனியார் மருத்துவமனையில் பெற்றவர்களையும் நகரத்துப் பெண்களையும் விட்டுவிடாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீடு தேடிக் கொடுக்கிறது. ஒரு வாரப் பிள்ளைக்காரியின் வீடு மட்டும் தூரமாகிவிடுமா?

மூன்றாவது, இரண்டு வாரத்தில் பிறந்த எடை திரும்பாத பிள்ளையின் தாய்க்கு தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்து, தேவையானால் மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பும் எழுத்துபூர்வமான நடைமுறை வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்குத் தைராய்டு குறைவு என்று கண்டுபிடித்தபோது பிள்ளை குப்புற விழுந்து நீந்திக்கொண்டிருந்தது. அதுவரை அவள் சாப்பிட்டதெல்லாம் பூண்டும் வசவும்தான்.

நான்காவது, 1992ஆம் ஆண்டின் பால் மாற்றுப் பொருட்கள் சட்டம், 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு, பவுடர் பாலுக்கு விளம்பரம் செய்வதையும் தாய்மாருக்கு இலவச மாதிரி தருவதையும் மருத்துவப் பணியாளர் வழியாக விற்பனையைத் தூண்டுவதையும் தடை செய்கிறது. ஏட்டில் இருக்கிற இந்தச் சட்டத்தைத் தனியார் பிரசவ வார்டுகளுக்கும் கொண்டு போங்கள். பிள்ளைக்குப் பவுடர் பால் கொடுத்தால், யார் சொல்லி, எந்த மருத்துவக் காரணத்துக்காக என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுத வேண்டும் என ஓர் ஆணை போடுங்கள். உண்மையான காரணம் உள்ள மருத்துவருக்கு அதை எழுத ஒரு நிமிடம் கூட ஆகாது.

வேலைக்குப் போகிற தாய்மாரைப் பற்றித் தனியே எழுத வேண்டும். நிறுவனங்களில் வேலை செய்கிறவர்களுக்கு மகப்பேறு பயன்கள் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் 26 வார விடுப்பைத் தந்தது. மாநில அரசு ஊழியருக்கு ஓராண்டு. செங்கல் சூளைக்கும் களையெடுப்புக்கும் திரும்புகிறவளுக்கு அப்படி எதுவும் இல்லை. தாங்கள் தொழிலாளர் துறையோடு பேச வேண்டிய விஷயம் அது.

நான் கேட்டிருப்பவற்றுக்குப் புதுக் கட்டடம் வேண்டாம், வெளிநாட்டு இயந்திரம் வேண்டாம். பணியிடங்களும் பயிற்சியும் சரியாக எடை காட்டும் தராசுகளும் போதும். மாநிலம் முழுவதற்கும் ஒரே நாளில் முடியாதென்றால், சிசேரியன் அதிகம் நடக்கிற ஒரு மாவட்டத்தில் தொடங்குங்கள். எத்தனை பிள்ளைகளுக்கு முதல் வாரத்தில் பவுடர் பால் தொடங்கினார்கள், எத்தனை பிள்ளைகளுக்கு இரண்டு வாரத்தில் எடை திரும்பியது என்ற இரண்டு எண்களை மட்டும் ஆறு மாதம் கழித்து மக்கள் முன் வையுங்கள். எண்கள் நன்றாக வந்தால் மற்ற மாவட்டங்களுக்கும் நிதி கேட்டுத் தாங்கள் சட்டமன்றத்தில் எழுந்து நிற்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் துறைச் செவிலியர் ஒருவருக்குக் கடன்பட்ட ஒரு தாய்